கிராண்ட்பாவா... கிராம்ப்ஸா... தாத்தாவா?

"ஏம்ப்பா, இங்கிலீஷ்ல தாத்தாவை எப்படிப்பா கூப்பிடுவாங்க?"

செமஸ்டர் லீவுக்கு மதுரைக்குப் போய், தோள்ல இருந்து பேக்கைக்கூட இறக்கலை... எங்க தாத்தா கேட்ட முதல் கேள்வி இது. "கிராண்ட்ஃபாதர்"னு சொல்லிட்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

"அது எனக்கும் தெரியும்டா. ரேஷன் கார்டுல எழுதுற மாதிரி இருக்கு. வீட்டுல புள்ளைங்க என்ன சொல்லும்?"

மேட்டர் இதுதான். என் மாமா மெல்பர்ன்ல இருக்கார். அத்தை ஆஸ்திரேலியாக்காரங்க. அவங்க பையனுக்கு அஞ்சாவது பிறந்தநாள். கார்டு அனுப்பணும். 'அன்புடன்' போட்டாச்சு, அதுக்குக் கீழே என்ன போடுறது? நாற்பது வருஷம் ஊர்க் கடுதாசிக்கெல்லாம் முத்திரை குத்தின ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், ஒரே ஒரு வார்த்தைக்காக ரெண்டு நாளா கார்டை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, களத்துல இறங்கினேன் பாஸ்!

அமெரிக்காவுல அதிகம் புழங்குறது 'கிராண்ட்பா'. பிரிட்டன்ல அதோட 'கிராண்டாட்'டும் உண்டு. வட அயர்லாந்துப் பக்கம் அதுவே தேய்ஞ்சு 'கிராண்டா'. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல 'பாபா' (சூப்பர் ஸ்டார் படம் இல்லீங்க!). ஆஸ்திரேலியாவுல 'பாப்'. குறும்பும் உரிமையுமா கூப்பிடணும்னா 'கிராம்ப்ஸ்'. எது சரி, எது தப்புன்னெல்லாம் இல்லை. 'பெப்பா பிக்' கார்ட்டூனையே பாருங்க... பன்றித் தாத்தா 'கிராண்ட்பா', நாய்த் தாத்தா 'கிராண்டாட்', முயல் தாத்தா 'கிராம்பி'. ஒரே ஊர்ல மூணு பேர்!

ஆனா, உபயோகிக்கிறதுல சில விஷயங்கள் இருக்கு. நேர்ல கூப்பிடும்போது வெறும் 'கிராண்ட்பா'தான். அப்போ அது பேர் மாதிரி, அதனால முதல் எழுத்து கேப்பிட்டல். 'மை கிராண்ட்பா'னு அவரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட சொன்னா, சின்ன எழுத்து. இன்னொண்ணு முக்கியம். நாம பஸ்ல யாரோ ஒரு பெரியவரை "தாத்தா, இப்படி உட்காருங்க"னா அது மரியாதை. அங்கே முன்பின் தெரியாதவரை 'கிராம்ப்ஸ்'னு கூப்பிட்டா, 'யோவ் பெருசு'ங்கற மாதிரி ஆயிடும். 'சார்'தான் சேஃப்!

என் ஹாஸ்டல் ரூம்மேட் ஈரோட்டுக்காரன். அவனுக்கு அப்பாவோட அப்பா 'அப்பாரு', அம்மாவோட அப்பா 'அப்புச்சி'. இங்கிலீஷ்ல ரெண்டு பேருமே கிராண்ட்ஃபாதர்தான். அதனால குழப்பம் வராம இருக்க, நிறைய வீடுகள்ல ஒருத்தருக்கு 'கிராண்ட்பா', இன்னொருத்தருக்கு 'பாப்'னு பிரிச்சுக் கொடுத்துடுவாங்க.

"ஆஸ்திரேலியாதானே தாத்தா... 'பாப்'னு போட்டுடுங்க"ன்னேன். எதுக்கும் கேட்டுக்கலாம்னு மாமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"அடடா, 'பாப்' அவன் அம்மாவோட அப்பாடா. அந்தப் பேரு புக் ஆயிடுச்சே!"

தாத்தா முகம் சுருங்கிப் போச்சு. "விடுப்பா. அவன் என்கிட்ட பேசறதே இல்லை. பேரு ஒண்ணுதான் குறைச்சல். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல என் முகத்தைப் பார்த்ததும் கையை ஆட்டி 'டாட்டா'ங்கறான். நானும் 'டாட்டா கண்ணு'ன்னுட்டு போனை உங்க அம்மாகிட்ட கொடுத்துடறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா மெதுவா சொன்னார். "அப்பா... அவன் டாட்டா காட்டலைப்பா. உங்களை 'தாத்தா'னு கூப்பிடறான். அவனுக்கு 'த' வராது. கையை ஆட்டறது 'ஹாய்' சொல்ல! நீங்கதான் அவன்கிட்ட பேசப் பிடிக்காம போனைக் கொடுத்துடறீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

உண்மைதான். நம்ம 'த' இங்கிலீஷ்ல கிடையாது. அவங்க 'டி' நம்ம 'ட' பக்கம்தான் போகும். அவன் கூப்பிட்டிருக்கான். நாமதான் வழியனுப்பிட்டிருக்கோம்!

"ஆறு மாசமா அவன் கூப்பிடக் கூப்பிட, நான் டாட்டா சொல்லியிருக்கேனேடா..." தாத்தா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். துடைச்சது கண்ணாடியை மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும். கண்டுக்காம இருந்தேன்.

இங்கிலீஷ் பேசுற நாடுகள்ல குடியேறின ஜெர்மன் குடும்பங்கள் 'ஓப்பா'வை விடலை. இத்தாலிக்காரங்க 'நோன்னோ'வை விடலை. பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் பாஷையில பேச வராட்டியும், பல வீடுகள்ல அந்த ஒரு வார்த்தை மட்டும் நின்னுடுது. அப்புறம் 'தாத்தா'வுக்கு மட்டும் என்ன குறைச்சல்? நான் கிராண்ட்பா, கிராம்ப்ஸ்னு தேடி அலைஞ்சதெல்லாம் வேஸ்ட். அந்தப் பொடியன் எப்பவோ முடிவு பண்ணிட்டான்!

கார்டுல தாத்தா தமிழ்ல பெருசா 'தாத்தா'னு எழுதினார். கீழே இங்கிலீஷ்ல எழுதும்போது என்னைப் பார்த்தார்.

"ஹெச் போடவா, வேண்டாமா?"

"வேண்டாம் தாத்தா. அவன் எப்படிச் சொல்றானோ அப்படியே போடுங்க."

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால். ஸ்க்ரீன்ல ஒரு சின்னக் கை ஆடுச்சு. "டாட்டா!"

தாத்தா போனை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

"சொல்லுடா கண்ணு!"