‘கட்டுங்க, பாத்துக்கலாம்’

வீடு கட்டுவது என்று முடிவானதும் நம் தெருக்களில் முதலில் தேடுவது மேஸ்திரியை. அப்புறம் செங்கல் விலை, எம்சாண்ட் விலை, கம்பி விலை, கடன் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. அந்த இடம் அரசுப் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வானம் தோண்டிய பிறகுதான் வரும். அதையும் நாமாகக் கேட்பதில்லை. யாராவது வந்து வேலையை நிறுத்து என்று சொல்லும்போதுதான் கேட்கிறோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இந்த ஒரு வேலையைச் செய்துவருகிறோம். வீடு கட்ட நினைக்கும் நம் மக்கள் கையில் என்ன காகிதம் வைத்திருக்கிறார்கள் என்று படித்துச் சொல்வது. எங்களில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், சர்வே வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

அப்படி வந்தவர்களில் நெசவுக் கூலிக்குப் போகும் அக்கா ஒருவர். ஒழுகும் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு அறையும் ஒரு தறிக்கூடமும் கட்ட வேண்டும். குழித்தறியை மாடியில் போட முடியாது, தரையில்தான் குழி எடுக்க வேண்டும். அதனால் இருக்கிற இடத்தில் ஒரு முழம் குறைந்தாலும் அவருக்குக் கட்டாது. மஞ்சள் பை நிறைய வீட்டு வரி ரசீதுகள், மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை. “இவ்வளவு இருக்குதே தம்பி, இன்னும் என்ன வேணும்?” என்றார். ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாக விசாரித்தும் இருந்தார். “கட்டுங்கம்மா, பாத்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். இடம் ஒரு கோயிலின் பெயரில் இருந்தது. அதாவது வீடு அக்காவுடையது, அடிமனை கோயிலுடையது. காஞ்சிபுரம் மாதிரி ஊரில் இது அதிசயமில்லை. வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான சாட்சி மட்டும்தான். மின் இணைப்பும் அப்படியே. நிலம் யாருடையது என்று இரண்டுமே சொல்லாது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டப்படி கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் ஒப்புதல் வேண்டும். வாடகைதாரர் என்ற பதிவும் இல்லாவிட்டால் அதே சட்டம் நம்மை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதிவிடும். பழைய ஓட்டு வீடாக இருக்கும்வரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கான்கிரீட் தூண் எழும்பினால்தான் நோட்டீஸ் வரும். நான்கு லட்சம் கடன் வாங்கிப் போட்ட பிறகு வரும் நோட்டீஸ் எதிலே கொண்டுபோய் விடும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அக்கா செங்கல் இறக்குவதை நிறுத்திவைத்துவிட்டு, வாடகைதாரராகப் பதியச் சொல்லி எழுத்துமூலம் மனு கொடுத்திருக்கிறார்.

‘பாத்துக்கலாம்’ என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. காஞ்சிபுரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதிலிருந்துதான் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட அரசாணையும், நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒப்படைப்பு நிலங்களும் வந்தன. பஞ்சமி என்றால் நாம் விளைநிலத்தை மட்டுமே பேசுகிறோம். அந்த அறிக்கையில் மனையும் ஒரு பெரிய பிரச்சினை. சேரி இருந்த மண்ணே மிராசுதாருக்குச் சொந்தம் என்று வாதிட்டார்கள். குடிசை போட அவர் வாய்ச்சொல் போதும். கூலி கூட்டிக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அதே வாய்ச்சொல்லால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். காகிதம் கொடுக்காமல் இருந்ததுதான் மிராசுதாரின் பலம்.

அந்தப் பலத்தை உடைக்கச் சட்டம் வர எண்பது ஆண்டு பிடித்தது. கிராமங்களில் பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. நம் மக்களுக்கு மனை கொடுக்க நிலம் எடுக்கும் தனிச் சட்டம் 1978-இல் வந்தது. அதை எதிர்த்து நில உடைமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், சட்டம் நின்றது. சட்டப் புத்தகத்தில் இப்படி. நடப்பில் மேடையில் வாங்கிய பட்டா கையில் இருக்கும், தாலுகா கணக்கில் ஏறியிருக்காது. அல்லது பட்டாவில் மனை எண் இருக்கும், நிலத்தில் கல் நட்டிருக்க மாட்டார்கள். லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கும் பட்டாவைக் கழற்றி, அந்தச் சர்வே எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். யார் பெயர் வருகிறது என்று பார்த்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிடலாம்.

பஞ்சமி நிலமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பத்து ஆண்டுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு பழைய பதிவேட்டில் இருக்கும், புதிய கணினிச் சிட்டாவில் காணாமல் போயிருக்கும். அந்த நிலங்களைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். பதிவேட்டின் ஒரு பத்தியில் இருக்கும் ஒரு சொல்லுக்கு அவ்வளவு விலை.

இப்போது வரைபட அனுமதி. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் இணையத்திலேயே உடனடி அனுமதி. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், நல்லதுதான். ஆனால் சுயசான்று என்றால் இடமும் கட்டடமும் விதிப்படி இருப்பதாக நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் என்று பொருள். பத்திரமும் பட்டாவும் சரியாக இருப்பவருக்கு இது வரப்பிரசாதம். அடிமனைக்காரருக்கும் புறம்போக்குக்காரருக்கும் அந்தப் பக்கத்தில் நிரப்ப ஒரு கட்டம்கூட இல்லை. மனை வாங்கிக் கட்டப் போகிறவர்கள் லேஅவுட் அங்கீகாரத்தையும் பாருங்கள். 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மனையைத் தவணையில் தள்ளிவிடும் புரோக்கர்கள் நம் தெருவுக்குள்தான் அதிகம் வருகிறார்கள்.

காஞ்சிக்கு என்றே இன்னொரு விதி உண்டு. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. இவை தவிர சின்னச் சின்னப் பல்லவர் கோயில்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சின்ன காஞ்சியின் வரதராஜப் பெருமாள் கோயில் அறநிலையத் துறையிடம் இருக்கிறது, அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தக் கோயில் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் கோயில் பக்கத்தில் கடைக்கால் போடக் கூடாது.

வேகவதி ஆற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தவர்களும் வரி கட்டினார்கள், ஓட்டுப் போட்டார்கள். பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. ஆக்கிரமிப்பு என்று கணக்கெடுத்து, ஊருக்கு வெளியே கீழ்கதிர்பூரில் அடுக்குமாடி கட்டி அங்கே போகச் சொன்னார்கள். நீர்நிலையைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆற்றங்கரை ஏன் நமக்கு மட்டும் ஒதுங்க இடமானது என்று கேட்கிறோம். பட்டா நிலத்தில் கெட்டியாக வீடு கட்டினாலும் கண் உறுத்துகிறது என்பதைத் தருமபுரி நத்தம் காலனியில் 2012 நவம்பர் 7-ஆம் தேதி பார்த்தோம். அன்றைக்கு அங்கும் பக்கத்துக் காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. காகிதம் அந்த நெருப்பைத் தடுக்காது. ஆனால் காகிதமும் இல்லாதவருக்கு நிவாரணம் கேட்டு நிற்கவும் இடமிருக்காது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த விடுமுறையில் செய்யக்கூடியது இதுதான். உங்கள் வீட்டு சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அ-பதிவேடு, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுங்கள். நகரத்துக்குள் என்றால் வார்டு, பிளாக், நகரளவை எண் தேவைப்படும். வகைப்பாடு என்ற பத்தியில் நத்தமா, புறம்போக்கா, கோயில் நிலமா, டி.சி. நிலமா என்று படியுங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கவுன்டரில் ‘கட்டுங்க, பாத்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், “சரிங்க சார், அதை இந்த மனுவில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.