காணாமற்போன குரல்

1993ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நாட்டுக்கூத்து அண்ணாவியார் ஒருவரைப் பேட்டி கண்டேன். பொருளாதாரத் தடையினால் பற்றரி கிடைக்காத காலம். அயல்வீட்டுப் பையன் ஒருவன் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேப் றெக்கோடர் ஓடியது. அண்ணாவியார் இன்று உயிருடன் இல்லை. அண்மையில் அந்தக் கசற்றைக் கணினிக்கு மாற்றினேன். ஒற்றைத் தடப் பதிவு, அதாவது மோனோ.

வெளிநாடு சென்ற மகன் விட்டுச் சென்ற இரண்டு ஸ்ரூடியோ ஸ்பீக்கர்கள் வீட்டில் இருந்தன. அவற்றில் கேட்டு எழுத்தில் பெயர்க்க விரும்பினேன். கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஸ்ரீரியோ வயரை முதலில் ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். அண்ணாவியாரைக் காணோம்! சினிமாப் பாடலைப் போட்டால் வாத்தியங்கள் மெலிதாகக் கேட்கின்றன, பாடகர் இல்லை. பதிவே அழிந்துவிட்டதென்று நெஞ்சு பதறியது.

பின்னர்தான் காரணம் விளங்கியது. இவ்வகை ஸ்பீக்கரின் சமநிலை உள்ளீடு, இரு கம்பிகளில் வரும் ஒலிகளின் வித்தியாசத்தை மட்டுமே பெருக்கும். வழியில் இரண்டிலும் ஒரேயளவாகப் புகும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு அது. நானோ ஒரு கம்பியில் இடப்பக்க ஒலியையும் மற்றதில் வலப்பக்க ஒலியையும் அனுப்பியிருக்கிறேன். மோனோவில் இரண்டும் ஒன்றே. ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூச்சியம். கிழவரை இரைச்சலென்று எண்ணி அந்தப் பெட்டி துடைத்துவிட்டது.

இரண்டு மோனோ பிளக்குகளாகப் பிரியும் மலிவான வயரை வாங்கினேன். குரல் மீண்டது, கூடவே ‘ம்ம்ம்’ என்றொரு மின் இரைச்சலும் வந்தது. கணினியும் ஸ்பீக்கர்களும் தனித்தனியே பூமித்தொடர்பு பெறுவதால் வருவதாம். ஸ்பீக்கர் பிளக்கின் ஏர்த் கம்பியைக் கழற்றிவிடும்படி நண்பரொருவர் ஆலோசனை சொன்னார். 230 வோல்ற்றுடன் விளையாட எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

ஈற்றில் யூ.எஸ்.பி. மூலம் இணையும் சிறிய ஒலி இடைமுகப் பெட்டியொன்றை வாங்கி, அதன் சமநிலை வெளியீடுகளிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு வயர்களைக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், முன்பு குரலை விழுங்கிய அதே வகைப் பிளக்தான் இங்கே சரியானது. செலவு அதிகந்தான், மனைவிக்கு முழுக் கணக்கும் சொல்லவில்லை.

இரைச்சல் அடங்கியது. அண்ணாவியாரின் மூச்சு வாங்கல்கூடக் கேட்டது. அதன் பின்னால் சைக்கிள் சில்லு சுழலும் ஓசை. நாற்பதாவது நிமிடமளவில், இத்தனை வருடங்களில் நான் ஒருபோதும் கவனித்திராத மெல்லிய குரலொன்று:

“அண்ணை, கை நோகுது. காணுமே?”