மட்டாஞ்சேரியில் ஓர் இத்தாலி

இத்தாலி என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது பளிங்கு. புதுமனை புகுவிழாவுக்குச் சென்றால், நாம் வாயிற்படியைத் தாண்டுமுன்னரே, "தரை முழுவதும் இத்தாலியன் மார்பிள்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். கட்டடக்கலை பயிலும் மாணவன் என்பதால் இச்சொல்லை நான் சற்று மிகுதியாகவே கேட்க நேர்கிறது. ஆனால், நண்பர்களே, சென்ற நூற்றாண்டின் நடுவில் உலகம் இத்தாலியை வியந்து நோக்கியது பளிங்குக்காக அன்று. வறுமையிலிருந்து வனப்பைப் படைத்தார்களே, அதற்காக!

1945-இல் போர் ஓய்ந்தபோது, பொந்தெதேரா என்னும் ஊரில் விமானம் செய்துவந்த பியாஜியோ ஆலை குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தது. விமானம் வாங்குவார் இல்லை. மக்களுக்கோ ஏறிச் செல்ல வண்டி இல்லை. மலிவான வண்டி ஒன்றை அமைக்கும் பணி கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் பொறியாளரிடம் வந்தது. அவர் ஹெலிகாப்டர் அமைத்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காதவர். பிடிக்காதவரிடம் கொடுத்ததுதான் நல்லதாயிற்று! சங்கிலியின் எண்ணெய் உடையில் படுகிறதா? சங்கிலியே வேண்டாம், எந்திரத்தைப் பின்சக்கரத்தோடு சேர்த்து மூடிவிடு. பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடா? விமானச் சக்கரம்போல் ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கிப் பிடி. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டுமா? நடுவே இடம் விடு. இவ்வாறு 1946-இல் பிறந்தது வெஸ்பா. குளவி என்பது அதன் பொருள். 1948-இல் அதன் உடன்பிறப்பு மூன்று சக்கரங்களோடும் சரக்குப் பெட்டியோடும் வந்தது. அதன் பெயர் ஆப்பே; அதாவது தேனீ.

அந்தத் தேனீயை நான் கண்டது மிலானிலோ உரோமிலோ அன்று, மட்டாஞ்சேரியில். என் மாமா அங்கே பஜார் சாலையில் ஆப்பே வைத்துப் பிழைக்கிறார். லாரி நுழைய அஞ்சும் சந்துகளில் சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையுமாக அவர் வண்டி வளைந்து வளைந்து கிடங்குக்குப் போகும் அழகைக் காண வேண்டும். பஜாஜ் நிறுவனத்தார் 1960 அளவில் பியாஜியோவின் உரிமம் பெற்று வண்டி செய்யத் தொடங்கினர். நம் ஆட்டோரிக்‌ஷா அவ்வழியில் வந்ததே. லாம்பிரெட்டா வண்டியின் கதை இன்னும் வேடிக்கை. 1972-இல் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் மிலான் ஆலையின் எந்திரங்களையே விலைக்கு வாங்கி லக்னோவில் நிறுவியது. இவற்றையெல்லாம் நாம் 'இத்தாலியக் கலை' என்று சொல்வதில்லை. வேட்டி கட்டியவரும் சேலை உடுத்தியவரும் தடையின்றி ஏறி அமர்ந்த வண்டி ஆயிற்றே, அதைவிடக் கலை வேறென்ன வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியோடு நான் சென்ற விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. காவி போட்ட பழைய சிமெண்டுத் தரை காயலின் உப்பு ஈரத்தில் பொரிந்துவிட்டது. அதைப் பெயர்த்து இத்தாலியப் பளிங்கு போட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பணத்துக்கு ஆப்பேயின் பேரில் கடன். தாள் எல்லாம் அலமாரியில் தயார், கையெழுத்துத்தான் பாக்கி. தவணை தவறினால் பளிங்கு வீட்டில் இருக்கும், வண்டி இருக்காது. அத்தை வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று அடுக்களையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின.

நான் என் சொற்பொழிவைத் தொடங்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மாப்பிளே. அந்த ஜூதப் பள்ளியிலே சீனாவிலேருந்து கப்பல்லே ஓடு கொண்டுவந்து போட்டிருக்கான். ஊரெல்லாம் வந்து பார்க்குது. எனக்கு மட்டும் வெளிநாட்டுக் கல்லு ஆகாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. 1568-இல் எழுந்த அந்தப் பரதேசி ஜெபாலயத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் பதித்த நீலமும் வெள்ளையுமான ஓடுகளைக் கண்டு நானே மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. ஆகவே ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆனால் அந்த நீலந்தான் எனக்கு ஜியோ பொந்தியை நினைவூட்டிற்று.

1928-இல் 'தோமுஸ்' என்னும் இதழைத் தொடங்கிக் கட்டடக்கலையை வீடுதோறும் கொண்டுசென்றவர் பொந்தி. மிலானின் பிரெல்லி மாளிகையை, நெர்வி என்னும் பொறியியல் மேதையின் துணையோடு, 127 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியவர். அதே மனிதர் கியாவரி என்ற ஊரின் தச்சர்கள் செய்த எளிய நாற்காலியை எடுத்து, இழைத்து இழைத்து, 1957-இல் 1.7 கிலோ எடையுள்ள நாற்காலியாக்கினார். குழந்தைகூட ஒரு விரலால் தூக்கலாம். சொர்ரெந்தோவில் 1962-இல் திறந்த விடுதிக்கு அவர் தரை அமைத்த விதம் இன்னும் சிறப்பு. மலையளவு பளிங்கு உள்ள நாட்டில் அவர் எடுத்தது பீங்கான் ஓடு. நீலமும் வெள்ளையுமே நிறம். வரைந்தவை முப்பது கோலங்கள். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து நூறு அறைகளுக்கு நூறு விதத் தரை!

இதை மாமாவிடம் சொல்லி, நம் செட்டிநாட்டு ஆத்தங்குடியிலும் கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் வார்த்துக் கையாலேயே ஓடு செய்கிறார்கள், கடன் அவ்வளவு தேவைப்படாது என்றேன். மாமா விடவில்லை.

"விடுதிக்குப் போட்டது இருக்கட்டும். அந்த ஆளு சொந்த வீட்டுக்கு என்ன போட்டாராம்?"

நல்ல வேளையாக அதுவும் எனக்குத் தெரியும். மிலானில் அவர் குடியிருந்த வீட்டிலும் ஓடுதான். மஞ்சளும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள்.

மாமா சிறிது நேரம் பொரிந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முதன்முறையாக அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். "அதுலே மீன் குழம்பு சிந்தினா கறை நிக்குமா?" என்றார்.

உடனே துடைத்தால் நிற்காது, நாளாக ஆகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுக்கும் ஏறும் என்றேன்.

"ஆத்தங்குடிலேருந்து வண்டிக்கூலி?"

"கூலி எதுக்கு? நம்ம ஆப்பே இல்லையா?" என்றார் மாமா. அந்தச் சிறு வண்டி மேற்குத்தொடர்ச்சி மலையை எந்தக் கணவாய் வழியாகக் கடக்கும் என்று அவர் அப்போதே கணக்கிடத் தொடங்கிவிட்டார். கடன் தாள் அலமாரியிலேயே இருந்தது.