நீரில் பிறக்கும் எரிபொருள்

நுழையும்முன்

புதிய தொழில்நுட்பத்தைக் கண்டு வியப்பது எளிது. அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று பகுத்தறிவதற்கு உழைப்பு வேண்டும். நாளைய எரிபொருள் எனப் போற்றப்படும் ஹைட்ரஜனை நம் ஊர்க் கணக்கால் அளந்து பார்க்கிறது இக்கட்டுரை.

சென்னைப் பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரயில்பெட்டித் தொழிற்சாலையில், 2025 ஜூலையில் ஹைட்ரஜனால் இயங்கும் பெட்டி ஒன்று வெற்றியுடன் சோதித்துப் பார்க்கப்பட்டது. புகைக்கு மாறாக நீராவியை வெளிவிடும் வண்டி! அச்செய்தி வந்ததும் என் வகுப்பு இரண்டு அணியானது. "இனிக் காரும் அடுப்பும்கூட ஹைட்ரஜனில்தான்" என்றனர் ஒரு சாரார். "பேட்டரி வண்டி இருக்கும்போது இது எதற்கு?" என்றனர் மறு சாரார். அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் பணிபுரியும் தொழிலாளியின் மகன் மட்டும் வேறொன்றைக் கேட்டான்: "ஐயா, எது வந்தால் என் அப்பாவுக்கு வேலை இருக்கும்?"

நான் தமிழாசிரியன். எனினும், மூன்று கேள்விகளுக்கும் விடை தேட முனைந்தேன்.

மூலம் அன்று, சுமக்கும் கலம்

நிலக்கரியைப் போல ஹைட்ரஜனைத் தோண்டி எடுத்துவிட முடிவதில்லை. உலகில் இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. அதனால் கரியமில வாயு வெளியேறுகிறது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறுவதே பசுமை ஹைட்ரஜன். எனவே, ஹைட்ரஜன் ஆற்றலின் ஊற்று அன்று. வேறிடத்தில் பிறந்த ஆற்றலைச் சுமந்து செல்லும் கலமே ஆகும்.

அந்தக் கலத்தில் எவ்வளவு சிந்துகிறது? ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற ஏறத்தாழ 55 யூனிட் மின்சாரம் தேவை. கிடைக்கும் ஹைட்ரஜனில் இருப்பதோ 33 யூனிட் ஆற்றல். எரிபொருள் மின்கலம் அதனை மீண்டும் மின்சாரமாக்கும்போது ஏறத்தாழ 17 யூனிட்டே எஞ்சும். அதே 55 யூனிட்டைப் பேட்டரியில் ஏற்றினால் 40 யூனிட்டுக்கு மேல் சக்கரத்தைச் சென்றடையும்.

சேமிப்பதும் எளிதன்று. இயல்பான அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜனை அடைக்க, கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியின் தொட்டி வேண்டும். ஆகவே, வாகனங்களில் அதனை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 350 அல்லது 700 மடங்கு அழுத்தி அடைக்கின்றனர். நீர்மமாக்க வேண்டுமெனில் சுழியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டும். 'சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்' என்னும் பழமொழி இங்கே பொருந்துகிறது.

அடுப்பும் தண்டவாளமும்

குளிர்நாடுகளில் வீடுகளை வெப்பமூட்ட ஹைட்ரஜனைக் குழாய்வழி வழங்கலாம் என்று எண்ணினர். இங்கிலாந்தில் விட்பி, ரெட்கார் ஆகிய ஊர்களில் அதற்கான முன்னோட்டம் திட்டமிடப்பட்டது. விட்பியில் மக்கள் எதிர்த்தனர். ரெட்காரில் போதிய ஹைட்ரஜன் கிடைக்க வழியில்லை. இரண்டு திட்டங்களும் 2023ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டன. நமக்கு வெப்பம் வேண்டுவது சமையலுக்கும் வெந்நீருக்குமே. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கிப் பின் எரிப்பதைவிட, அதே மின்சாரத்தில் இண்டக்ஷன் அடுப்பை மூட்டுவது சிக்கனமானது. மேலும், ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. அத்தகைய நெருப்பைச் சமையலறையில் நம்பி வைப்பது எளிதன்று.

தண்டவாளத்துக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் புறநகர் ரயில்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்கம்பியின் துணையால் ஓடுகின்றன. அங்கே ஹைட்ரஜனுக்கு வேலையில்லை. கம்பி அமைக்க இயலாத தடங்களில்தான் அதற்கு வாய்ப்பு உண்டு. அரியானாவின் ஜிந்த் - சோனிபட் தடத்துக்கான திட்டம் ஒரு முன்னோடி முயற்சி. இத்தகைய ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாயும், தடம் ஒன்றின் தரைக்கட்டமைப்புக்கு 70 கோடி ரூபாயும் ஆகும் என்பது ரயில்வேயின் மதிப்பீடு. செருமனியின் கீழ்ச் சாக்சனி மாநிலம் 2022இல் 14 ஹைட்ரஜன் ரயில்களுடன் முன்னே சென்றது. மறு ஆண்டே, இனி வாங்குபவை பேட்டரி ரயில்களே என அறிவித்தது. காரணம், செலவு.

தண்ணீர் போதுமா?

2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பூந்தமல்லி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலால், "நீரை எரிபொருளாக்கினால் குடிக்க என்ன செய்வது?" என்ற ஐயம் எழுவது இயல்பு. 2023 சனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டது. ஒரு கிலோவுக்கு ஒன்பது லிட்டர் நீர் என்று கணக்கிட்டால், நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 1.6 டி.எம்.சி. வேண்டும். அது செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் பாதியைவிடக் குறைவு. குளிர்விக்கவும் தூய்மைப்படுத்தவும் மேலும் நீர் தேவைதான். கடல்நீரைக் குடிநீராக்கும் நுட்பத்தால் அதனை ஈடுசெய்யலாம். உண்மையான தட்டுப்பாடு மின்சாரத்தில்தான். இவ்விலக்கை எட்ட ஏறத்தாழ 1,25,000 மெகாவாட் திறனுள்ள புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தி வேண்டும். அவ்வளவு அரிதாகப் பெறும் எரிபொருளைக் கண்ட இடத்தில் செலவிடலாகாது.

எங்கே தேவை?

நெல்லை மாவட்ட மகேந்திரகிரியில் நீர்ம ஹைட்ரஜன் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ஏவூர்தியின் மேலடுக்கு அவ்வெரிபொருளால்தான் இயங்கியது. எடை குறைவே முதன்மையான அவ்விடத்தில் அதற்கு நிகரில்லை. நமக்கு அண்மையிலுள்ள மணலியில், எண்ணெய் சுத்திகரிப்புக்கும் உரத் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் மூலப்பொருள். நிலக்கரியின்றி இரும்புத் தாதுவை உருக்காக்கவும் அது வேண்டும். இவ்விடங்களில் பேட்டரி மாற்றாகாது. பசுமை ஹைட்ரஜன் முதலில் செல்லவேண்டியது அங்கேதான்.

இனி அந்த மாணவனின் கேள்வி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகள் பல. மின்வண்டிக்குப் பிஸ்டனும் வால்வும் வேண்டா. 2023 பிப்ரவரியில் அசோக் லேலண்டும் ரிலையன்சும் அறிமுகப்படுத்திய லாரியோ ஹைட்ரஜனை எஞ்சினிலேயே எரிப்பது. பிஸ்டன் அதில் உண்டு. ஆயினும், அத்தகைய எஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். எரிபொருள் மின்கலத்தைவிடக் கூடுதலாகவே ஹைட்ரஜனைச் செலவிடும். நெடுந்தொலைவு செல்லும் கனரக வாகனங்களில் அதற்கோர் இடம் கிடைக்கலாம். அதை மட்டும் நம்பிப் பட்டறைகள் காத்திருத்தல் தகாது. நுண்ணளவில் உலோகம் கடையத் தெரிந்த கைகளுக்கு உயர் அழுத்த வால்வு, அழுத்தி, குழாய் இணைப்பு, மின்னாற்பகுப்புக் கலன் எனப் புதிய பணிகள் உள்ளன. அவற்றுக்கான பயிற்சியும் கடனுதவியும் பட்டறை வாசலுக்கு இப்போதே வரவேண்டும். அம்மாணவனிடம் நான் சொன்னதும் இதுவே: "எந்த எரிபொருள் வெல்லும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. அப்பாவின் கைத்திறன் வேறு எங்கே தேவைப்படும் என்பதை இன்றே தேடலாம்."

கற்பவை கற்றபின்

1. 'சாலைப் போக்குவரத்துக்கு ஏற்றது ஹைட்ரஜனா, பேட்டரியா?' என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதித் தொழிற்கூடம் ஒன்றுக்குச் சென்று, அங்குச் செய்யப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, மின்வண்டிக்கும் பயன்படுபவை எவை எனக் குறிப்பு எழுதுக.