மீன்தானே என்று சொல்லிவிடலாமா?



பச்சை மீனைச் சோற்றோடு சேர்த்து உண்ணும் மக்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானியரின் அந்த உணவுக்குப் பெயர் சுஷி. கொழும்பிலும் இப்போது அது கிடைக்கிறது. ஆனால் நான் சொல்லப்போவது கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் நகரைப் பற்றி. நமக்குக் கொத்துரொட்டி எப்படியோ அங்குள்ளவர்களுக்குச் சுஷி அப்படி. வீதிக்கு வீதி கடை. பகல் சாப்பாட்டுக்குப் பெட்டியில் வாங்கிக்கொண்டு கந்தோருக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள்.

சென்ற ஏப்ரலில் அங்கு வாழும் என் தங்கச்சியின் வீட்டில் சில வாரங்கள் தங்கும் பாக்கியம் கிடைத்தது. தொழுகைக்குப் பாய் விரித்தபோதே ஓர் ஆச்சரியம். இங்கு மேற்கை நோக்கித் தொழுது பழகிய எனக்கு அங்கே கிப்லா ஏறக்குறைய வடக்கே இருந்தது, சற்றே கிழக்குச் சாய்ந்தபடி. பூமி உருண்டை என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பனி மூடிய வடக்கு மலைகளைப் பார்த்துத் தக்பீர் கட்டிய அன்றுதான் அது உள்ளத்தில் இறங்கியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது. தங்கச்சியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சக மாணவிகள் சுஷிக் கடைக்குப் போனால் இவளும் போவாள். "மீன்தானே, ஹலால்தானே" என்பது அவளுடைய வாதம். மச்சானோ, "பச்சை மீனும் சாராயக் கடையும்! அந்தப் பக்கமே போகக் கூடாது" என்று ஒரேயடியாகத் தடுத்து வைத்திருந்தார். மூன்று மாதமாக வாப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "நாநா, நீங்கள் ஒரு பத்வாவைச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று தங்கச்சி கெஞ்சினாள்.

குசினிக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமல் எப்படிச் சொல்வது? "நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்று மருமகளிடம் சொன்னேன்.

சாரதி இல்லாமல் ஓடும் ரயிலில் நகரின் மையத்துக்கு வந்து, றொப்சன் வீதி வழியே மேற்கு நோக்கி நடந்தோம். செரி மரங்கள் பூத்திருந்தன. இலையே தெரியாமல் மரம் முழுவதும் இளஞ்சிவப்பு. காற்றடித்தால் நடைபாதை எங்கும் இதழ்கள். முதற்பாதியில் பெரிய உடுப்புக் கடைகள். போகப் போகக் கொரியரின் பலசரக்குக் கடைகள், ஜப்பானியரின் நூடில்ஸ் கடைகள். டென்மன் வீதியில் திரும்பி இறங்கினால் முடிவில் கடல், இங்கிலிஷ் பே. கடலுக்கு முன்னால் சிறு பூங்காவில் பதினான்கு வெண்கல மனிதர்கள் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். யூ மின்ஜுன் என்ற சீனக் கலைஞர் செய்தவை, ஒவ்வொன்றும் ஆளைவிடப் பெரிது. சிலைகள் விடயத்தில் என் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவற்றின் கால்களில் ஏறி விளையாடிய குழந்தைகளின் சிரிப்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ளுஹர் தொழுகையை முடித்துக்கொண்டே வந்திருந்தோம். பசி எடுத்தது. டென்மன் வீதியில் மது விற்காத ஒரு சிறு கடையை மருமகள் ஏற்கனவே பார்த்து வைத்திருந்தாள். நடத்துபவர்கள் கொரியர்கள். ஆறு மேசைகள்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று சமையற்காரர் செய்வதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சகோதரிகளே, கைவேலை தெரிந்த உங்களுக்கு இது பிடிக்கும். சிறு மூங்கிற்குச்சிகளை நூலால் கோத்த, கையகலப் பாய் ஒன்று. அதன்மேல் நோரி என்ற கடற்பாசித் தாள், அதன்மேல் சோறு, நடுவில் மீனோ மரக்கறியோ. பாயைச் சுருட்டி அமர்த்தி, ஈரக் கத்தியால் ஆறாக எட்டாக வெட்டுகிறார்கள். நாம் பிட்டுக் குழலிலிருந்து பிட்டைத் தள்ளி எடுப்பதுபோல அளவு தவறாத துண்டுகள். சுஷி என்ற பெயர் உண்மையில் மீனுக்கு உரியதல்ல. வினாகிரி, சீனி, உப்புக் கலந்த அந்தச் சோற்றையே அது குறிக்கும். ஆதியில் மீனைக் கெடாமல் வைக்க உப்பும் சோறும் இட்டுப் பல மாதம் புளிக்க வைத்தார்கள். மீனை உண்டுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். கொறக்காப்புளி இட்டு ஜாடி போடும் நமது தென்பகுதிக் கரையோரத்தாருக்கு இது விளங்கும்.

வன்கூவர் கடைகளின் விசேஷம், அங்குள்ள சுருள்கள் ஜப்பானில் கேள்விப்படாதவை என்பதுதான். கடற்பாசியைக் கண்டு முகம் சுளித்த வெள்ளையருக்காக அதை உள்ளேயும் சோற்றை வெளியேயும் வைத்துச் சுருட்டினார்கள். மேலே எள் தூவினார்கள். உள்ளே நண்டும் பட்டர் புரூட்டும். நாம் சீனி போட்டுக் கரைத்துக் குடிக்கும் அதே பட்டர் புரூட்தான். இதற்குக் கலிபோர்னியாச் சுருள் என்று பெயர். 1971இல் வன்கூவருக்கு வந்த ஹிடெகாசு டோஜோ என்ற சமையல் வல்லுநர் இதைத் தாமே உருவாக்கியதாகச் சொல்கிறார். இல்லை, 1960களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஜப்பானியக் கடையொன்றில் இச்சிரோ மஷித்தா செய்ததே முதலாவது என்கிறார்கள் வேறு சிலர். சுட்ட செமன் மீன் தோலையும் வெள்ளரியையும் வைத்த பிரிட்டிஷ் கொலம்பியாச் சுருளும் டோஜோவின் பெயரில் வழங்குகிறது. நமக்கு 'செமன்' என்றால் டின்னில் வருவது. அங்கே அது ஆற்றில் ஏறி வரும் இளஞ்சிவப்பு மீன். பொரித்த இறால் வைத்தது ஒன்று, மாம்பழம் வைத்தது ஒன்று, மேலே நெருப்புக் காட்டி வாட்டியது ஒன்று என்று பட்டியல் நான்கு பக்கம் நீண்டது.

இனி வழக்குக்கு வருவோம். கடல் வேட்டை ஹலால் என்பதில் சந்தேகமில்லை. மீனை வேக வைத்துத்தான் உண்ண வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஆகவே 'பச்சை' என்பதற்காக மச்சான் தடுக்க இடமில்லை. ஆனால் மருமகளின் 'மீன்தானே' என்ற சொல்லும் போதாது. ஒரு சுருளுக்குள் மீன் மட்டுமா இருக்கிறது?

அவள் சமையற்காரரிடம் விபரம் கேட்டாள். "நாங்கள் முஸ்லிம்கள், மது சேர்ந்ததை உண்ண மாட்டோம்" என்று சொன்னதும் அந்த மனிதர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போத்தல்களையும் ஒரு பக்கற்றையும் எடுத்து வந்து எங்கள் மேசையில் பரப்பினார். மருமகள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள்.

சோற்றில் சேர்ப்பது அரிசி வினாகிரி. நமது அச்சாறில் விடும் வினாகிரியைப் பற்றிய அதே சட்டம்தான் இதற்கும். தேங்காய் வினாகிரியும் கள்ளிலிருந்து உண்டாவதே அல்லவா? மாறியபின் அது கள்ளல்ல. நபி (ஸல்) அவர்கள் வினாகிரியைப் புகழ்ந்துள்ளார்கள். ஆனால் சில கடைகளில் சோற்றுக்கே மிரின் சேர்ப்பார்கள். மிரின் என்பது இனிப்பான அரிசி மது. நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவுக்கு மதுசாரம் உள்ளது. இந்தக் கடையில் சோற்றுக்கு அது இல்லை. ஆனால் விலாங்கு மீன் சுருளின்மேல் ஊற்றும் கறுத்த இனிப்புக் குழம்பிலும் தெரியாக்கிக் குழம்பிலும் அது இருந்தது. செமன் தோல் சுருளின்மேலும் அதே குழம்பைத்தான் கோடு போடுகிறார்கள். மருமகள் ஆசையாய்த் தின்றது அதைத்தான்! அவள் முகம் வாடிவிட்டது.

அடுத்தது நண்டு. கலிபோர்னியாச் சுருளில் சாதாரணக் கடைகள் வைப்பது நண்டே அல்ல. வெள்ளை மீனை அரைத்து, மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்து, ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய போலி நண்டு. உண்மை நண்டைப் பற்றியே நமது ஷாபிஈ மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டு, ஹனபி மத்ஹபில் கூடாது என்பது நீங்கள் அறிந்ததே. போலி நண்டில் அந்தப் பிரச்சினை இல்லை என்று மகிழ முடியாது. அந்தப் பக்கற்றிலும் மிரின் என்று அச்சிட்டிருந்தது. பொரித்த இறாலைப் பற்றிக் கேட்டபோது, பன்றி இறைச்சியும் அதே எண்ணெயில்தான் பொரிக்கப்படுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். சோயாக் குழம்பு புளிக்கும்போதும் சிறிது மதுசாரம் தானாக உண்டாகிறது. அதை உலமாக்கள் வேறாக ஆராய்ந்து, பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள். பேணுதல் வேண்டுவோர் விட்டுவிடலாம்.

முடிவில் எங்கள் மேசைக்கு வந்தவை: பச்சைச் செமன் சுருள், வெள்ளரிச் சுருள், பட்டர் புரூட் சுருள், குழம்பு ஊற்றாத செமன் தோல் சுருள். கத்தியையும் பலகையையும் கழுவிவிட்டே வெட்டினார். அல்லாஹ் அவருக்கு ஹிதாயத்தை வழங்கட்டும்.

ருசியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். பச்சை மீனில் நான் பயந்த வெடுக்கு இல்லை. வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஒரு துண்டுக்குமேல் எனக்கு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். சுட்ட தோல் வைத்ததோ மொறுமொறுவென்று நமது பொரித்த கருவாட்டை நினைவூட்டியது. பச்சையாய்க் கடுகளவு வைத்திருந்த வசாபி மூக்கின் வழியே உச்சந்தலைக்கு ஏறியது. பெரும்பாலான கடைகளில் அது உண்மை வசாபி அல்ல, காட்டமான ஒரு கிழங்கும் கடுகும் பச்சைச் சாயமும் சேர்ந்தது. பிறகு வந்த சூப்பை வாயில் வைத்ததும், "இது மாசி அல்லவா!" என்றேன். சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் கட்டையாகக் காயவைத்துச் சீவிப் போடுகிறார்கள். மாலைதீவிலிருந்து நமக்கு வரும் மாசியும் அதே இன மீனில் ஏறக்குறைய அதே முறையில் ஆவதுதான். உலகின் இரு கோடிகளில் ஒரே மாசி.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாய்ச் சுருட்டிப் பார்க்க வேண்டாம். பச்சையாய் உண்ணும் மீனைப் புழு சாகும்படி -20 பாகை செல்சியஸில் 7 நாட்கள் உறைய வைக்க வேண்டும் என்பது விதி. நமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளை அதற்கு நம்ப முடியாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது. ஆசையாயிருந்தால் சமைத்த மீனை வைத்துச் சுருட்டலாம். தங்கச்சி மறுநாள் மாசிச் சம்பலை வைத்தே சுருட்டினாள். மச்சான் ஏழு துண்டு தின்றார். கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதி மகளிடம் கொடுத்தேன்: சோற்றில் மிரின் உண்டா, குழம்பு எது, நண்டு எது, எண்ணெய் எது. "இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தின்பதானால் தின்னட்டும்" என்றார் மச்சான். வாப்பாவும் மகளும் அன்றிரவு ஒரே மேசையில் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்தப் பகல் கடையோடு முடியவில்லை. டென்மன் வீதிக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி பூங்கா. காடும் கடலுமாக 400 ஹெக்டேயர். செரி மரங்களுக்கு நடுவே உச்சியில் விளக்கு வைத்த ஒரு தூண் நின்றது. முதலாம் உலகப் போரில் கனடாவுக்காகச் சண்டையிட முன்வந்த 222 ஜப்பானியக் கனேடியரில் 54 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக 1920இல் எழுப்பியது. அந்த விளக்கை அடுத்த போரின்போது அணைத்துவிட்டார்கள். 1985இல்தான் மீண்டும் ஏற்றினார்கள். ஏற்றியவர் அப்போரில் சண்டையிட்டு உயிரோடிருந்த மசுமி மிட்சுயி. அப்போது அவருக்கு வயது நூறை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏன் அணைத்தார்கள்? 1942இல் கரையிலிருந்து 100 மைலுக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவர் எல்லோரையும், ஏறக்குறைய 22,000 பேரை, அரசு வெளியேற்றியது. பெரும்பாலோர் கனேடியப் பிரஜைகள். ஆயிரக்கணக்கானோரை ஹேஸ்டிங்ஸ் பூங்காவில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் மாட்டுத் தொழுவங்களில் படுத்தார்கள். வள்ளங்களையும் வீடுகளையும் கடைகளையும் அவர்களைக் கேளாமலே விற்றார்கள். போருக்காகப் பதக்கம் பெற்ற மிட்சுயியின் கோழிப் பண்ணையும் அதில் போனது. 1949 ஏப்ரல் வரை கரைக்குத் திரும்ப அனுமதியில்லை. 1988இல் பிரதமர் பிரையன் மல்ரோனி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் கொடுத்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து கையில் பையோடு வந்து புத்தளத்தில் இறங்கியவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவர்களது ஊராக இருந்த பவல் வீதிக்கு அடுத்த வாரம் போனோம். டென்மன் வீதியின் ஆரவாரம் அங்கில்லை. நகரின் மிக ஏழ்மையான பகுதி, வீடற்றவர்கள் வண்டிகளில் உடைமைகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆசாஹி என்ற புகழ்பெற்ற ஜப்பானிய பேஸ்போல் அணி 1914 முதல் 1941 வரை விளையாடிய மைதானம் இன்று ஒப்பன்ஹைமர் பூங்கா. நகரெங்கும் சுஷி விற்கிறது. ஆனால் அதை விற்பவர்களில் பலர் பின்னர் வந்த ஜப்பானியர், கொரியர், சீனர். பவல் வீதியில் மீன் விற்ற அந்தக் குடும்பங்களில் அநேகர் திரும்பவே இல்லை.

அலெக்சாண்டர் வீதியில் மட்டும் 1906இல் தொடங்கிய ஜப்பானிய மொழிப் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. பறிக்கப்பட்டவற்றில் அவர்கள் கைக்குத் திரும்பி வந்த ஒரே கட்டிடம் அது என்கிறார்கள். வீட்டையும் கடையையும் இழந்தவர்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கியது ஓர் ஆசிரியனான என்னைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்தி வைத்தது. 1977 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத ஆரம்பத்தில் அந்தப் பூங்காவைச் சுற்றி ஜப்பானியர் விழா எடுக்கிறார்கள். பல ஊர்களுக்குச் சிதறியவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று வருகிறார்களாம். மருமகளும் இம்முறை போகப் போகிறாள், அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு.