முத்துப் பார் பார்த்த நாள்கள்

பனியைக் கண்டறியாத தூத்துக்குடியில் பனிமய அன்னைக்குப் பேராலயம் எழுந்திருப்பதைக் கண்டு வெளியூர் யாத்திரிகர் வியப்பது வழக்கம். உரோமையின் குன்றொன்றில் கடுங்கோடைக் காலத்தில் பனி பெய்தது என்னும் மரபிலிருந்து வந்த திருப்பெயர் அது. 1713-இல் எழுப்பப்பெற்று, 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பெற்ற அவ்வாலயத்தில் தலைமுறை தலைமுறையாக மண்டியிட்டோர் கடலில் மூழ்கிப் பிழைத்த மக்கள். சென்ற தைத் திங்களில் அவ்வாலயத்தை வணங்கிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். கடல் அமைதியாயிருந்தது. அந்த அமைதியை நம்பி இக்கரையோர் ஒருநாளும் முத்துக்குளிக்கப் புறப்பட்டதில்லை என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் பாறைத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் இடங்கள் அவை. சிப்பி முதிர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். முன்னரே எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். பின்னர் எடுக்கலாமென்று காத்திருந்தாலோ, சிப்பி மடிந்து முத்தும் மணலோடு மறைந்துவிடும்.

குளிப்பதற்கு ஏற்ற காலமோ மிகக் குறுகியது. வாடைக் காற்று தணிந்த பின்பும், தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்பும் உள்ள மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களே அதற்குரியவை. அந்நாளில் 'சலாபம்' என்று வழங்கிய முத்துக்குளிப்பு நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டால், பல ஊர்களிலிருந்தும் வள்ளங்கள் வந்து சேரும். கீழக்கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குளிப்போர் வருவர். வணிகரும் வட்டிக்குக் கொடுப்போரும் கூடுவர். மணற்பரப்பில் ஓலைக்குடிசை நகரம் ஒன்றே எழும்பும். சிப்பி இல்லையெனில் அத்தனை பேரும் கடனோடு திரும்ப வேண்டும். ஆகவேதான் 'பார் பார்த்தல்' என்னும் முன்னாய்வு இன்றியமையாததாயிற்று.

பெருமழைக்காலத்தின் இடைவெளிகளில் அதிகாரிகள் தேர்ந்த குளிப்போருடன் பார்களுக்குச் செல்வர். கல்லைக் காலில் கோத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர் இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பற்றியிருப்பார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு அகப்பட்டவற்றைக் கூடையில் இட்டு மேலே வருவார். எத்தனை சிப்பிகள், என்ன வயது, அடியில் பாறையா மணலா, பகையாகிய நட்சத்திர மீன்கள் பெருகியுள்ளனவா என்று ஒவ்வோர் இடத்திற்கும் குறிப்பெழுதப்படும். ஓரிடத்தில் நிறைந்திருப்பதைக் கண்டு பார் முழுவதும் அவ்வாறே என்று எண்ணிவிடாமல், சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் இறங்கிப் பார்ப்பர்.

பின்னர்ச் சில ஆயிரம் சிப்பிகளைக் கரைக்குக் கொணர்ந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் தரம் பிரித்து, அனுபவமுள்ள வணிகரைக் கொண்டு விலை மதிப்பர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமானம் என்று தெரிந்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும், அல்லது தள்ளிவைக்கப்படும்.

பனிமலை நாடுகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் மலைச்சரிவில் பனிச்சறுக்கிச் செல்ல விரும்புவோர், முதலில் பனியில் குழி தோண்டி அதன் அடுக்குகளைச் சோதிப்பர். மேலே வெண்மையாய் உறுதியாகத் தோன்றும் பனியின் அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று மறைந்திருந்தால், ஒருவர் கால் வைத்த அளவில் சரிவே பெயர்ந்து வந்து அவரைப் புதைத்துவிடும். ஒரு குழியைக் கண்டு மலை முழுவதையும் தீர்மானிக்கலாகாது என்பது அவர்களும் அறிந்த பாடம். பனியாயினும் கடலாயினும் மேற்பரப்பு உண்மையைச் சொல்வதில்லை.

இதற்கு வரலாறே சான்று. 1902 மார்ச்சில் இலங்கைக் கரையிலுள்ள பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிலடங்காமல் கிடப்பதை விலங்கியல் அறிஞர் ஹெர்ட்மன் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்று பார்த்தபோது அவை இல்லை. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை வாரிக்கொண்டு போயிருந்தது. 1905-இல் இலங்கையில் 8 கோடிச் சிப்பிகளுக்கு மேல் எடுக்கப்பட்டன. அந்தப் பெருவளத்தைக் கண்டு 1906-இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912-இல் கம்பெனியும் மூடப்பட்டது.

தூத்துக்குடியிலும் 1928-க்குப் பின் 1955 வரை முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதியானது. அதன் பின்னும் ஆய்வுகள் தொடர்ந்தன. போதிய சிப்பி கிடைக்கவில்லை.

கடற்கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களின் அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், இளமையில் முத்தும் சங்கும் குளித்தவர். "ஐயா, குளிப்பதில் எது கடினம்? சுறாவா, மூச்சா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் கடலையே நோக்கியிருந்தார். "அவை பழகிவிடும், தம்பி. கரையில் எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும்போது வெறுங்கூடையோடு மேலே வந்து, 'கீழே ஒன்றுமில்லை' என்று சொல்வதுதான் கடினம். எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால், இல்லாததை உண்டென்று ஒருவன் சொன்னால் எத்தனை குடும்பங்கள் கடனாளியாகும்!" என்றார்.

1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். இயற்கைப் பார்களோ இன்றும் மௌனமாயிருக்கின்றன.

திரும்பி வருகையில் முதியவரின் சொற்களே நெஞ்சில் நின்றன. மகளின் திருமணத்திற்கோ மகனின் தொழிலுக்கோ கடன் வாங்கும்முன் நம்மில் எத்தனை பேர் இறங்கிப் பார்க்கிறோம்? பார்த்த பின்னும் நமக்கு விருப்பமில்லாத உண்மையை வீட்டாரிடம் எடுத்துரைக்கிறோமா? முத்தோடு வருபவரை ஊர் கொண்டாடும். வெறுங்கூடையோடு வந்து உண்மை உரைத்தவருக்கோ அவ்வூர் தன் வாழ்வையே கடன்பட்டிருக்கிறது.