போல்ட்டு வெளியே, பிடிப்பு உள்ளே

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது போல்ட்டுகள்தான். கறுப்பு பிளாஸ்டிக் வளைவு நெடுகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு ஒன்றாகப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு. பார்ப்பவர்கள் இவைதான் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள். உண்மையில் இவை வண்டியின் தகட்டைத் தொடுவதுகூட இல்லை. பிளாஸ்டிக்கின் பின்பக்கம் ஒரு நட்டோடு இவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. "அது நகை. போட்டுக்கிறதுக்கு மட்டும்தான்" என்று சிரித்தார், மாட்ட வந்தவர்.

இடம், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கிழக்குப் புறநகர். வீட்டு ஷெட்டின் நிழலில் 2018ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் நிற்கிறது. உரிமையாளர், கப்பல் கால்வாய் ஓரத்துச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பைப் ஃபிட்டர். மாட்ட வந்தவர் வார நாட்களில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விபத்து வண்டிகளுக்குத் தகடு நிமிர்த்துகிறார். சனிக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் போய் இந்த மாதிரி வேலைகளை எடுத்துச் செய்கிறார். ஒத்தாசைக்கு உரிமையாளரின் மகள், கல்லூரி மாணவி. பெட்டியோடு வந்த விளக்கத் தாளை அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்க, ஆண்கள் இருவரும் காதில் விழாத மாதிரியே வேலையை ஆரம்பித்திருந்தார்கள்.

சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் விளிம்பில் ஒட்டினாற்போல் மாட்டும் அகலமான பட்டைக்குத்தான் ஃபெண்டர் ஃப்ளேர் என்று பெயர். அதற்கு ஏன் தேவை வந்தது என்பதற்கு அந்த வண்டியின் கதவடியே சாட்சி. கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆஃப்செட் வேறுபட்ட அகலச் சக்கரம் போட்டதில் டயர் வெளியே துருத்திக்கொண்டது. அது வாரியடிக்கும் பொடிக் கற்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால் பெயிண்ட்டைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்திருந்தன. மழை நாளில் சேறு கண்ணாடிவரை ஏறுகிறதாம். சக்கரத்தை மாற்றச் சொன்னது யார் என்று கேட்கத் தோன்றும்; பிக்கப் வைத்திருப்பவரிடம் அதைக் கேட்பதில் பயனில்லை. 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பிக்கப் இந்த எஃப் வரிசைதான். ஒரே தெருவில் நாலு நிற்கும்போது, தன்னுடையது தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஹூஸ்டனில்தான் துருத்தும் சக்கரத்தை மறைக்காமல் கொண்டாடும் கூட்டமும் இருக்கிறது. 'ஸ்லாப்' என்று சொல்லும் அலங்காரக் கார்களில் கம்பி ஆரச் சக்கரங்கள் முழங்கை நீட்டியதுபோல் வெளியே நிற்கும். 1983, 1984 காடிலாக் கார்களில் வந்த சக்கரங்கள்தான் அந்த மோகத்தின் வேர். நகரத்துக் கறுப்பின இளைஞர்களின் ராப் இசையோடு சேர்ந்து வளர்ந்த மரபு அது. அவர்களிடம் போய் ஃப்ளேர் மாட்டச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஃப்ளேரின் கதை காட்டுப் பாதையில் தொடங்குகிறது. ஃபோர்டு பிராங்கோவில் பெரிய டயர் போட விரும்பியவர்கள் மட்கார்டையே வெட்டினார்கள். வெட்டிய விளிம்பை மூட ஏதாவது வேண்டுமே. ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் 1969இல் தொடங்கிய புஷ்வாக்கர் நிறுவனம் அப்படிப்பட்ட ஃப்ளேர்களால்தான் பெயர் எடுத்தது. போல்ட்டு தெரியும் தோற்றமோ பந்தயத் தடத்திலிருந்து வந்தது. அங்கே அது நிஜப் போல்ட்டு. இடித்து உடைந்தால் கழற்றி வேறு மாட்டிவிட்டு ஓட வேண்டும் அல்லவா? 1970இல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் பின்சக்கரங்களின் மேல் திருகப்பட்டிருந்த கறுப்புப் பட்டைகளை இன்றும் ரசிகர்கள் வரைந்து காட்டுவார்கள். இப்போது அந்தப் போல்ட்டுகள் நகையாகிவிட்டன.

அப்படியானால் ஃப்ளேரைப் பிடித்திருப்பது எது? டிங்கர் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரக் குழிக்குள், மட்கார்டின் உள்மடிப்பில், கம்பெனியே போட்ட ஸ்குரூக்கள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி, அதே ஓட்டைகளில் ஃப்ளேரின் காதுகளைக் கோத்துத் திரும்ப முடுக்குவதுதான் மொத்தத் தந்திரமும். ஓட்டை இல்லாத இடத்தில் மடிப்பைக் கவ்வும் உலோகக் கிளிப். புதிதாக ஓட்டை போட அவர் சம்மதிப்பதில்லை. 2015 மாடலிலிருந்து எஃப்-150இன் பாடி அலுமினியம். மகள் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாள், வழுக்கி விழுந்தது. அலுமினியத்தில் வெறும் இரும்பு ஸ்குரூவை இறக்கி, மேலே உப்பும் ஈரமும் பட்டால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஸ்குரூவைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு கிளம்பும்.

முதல் வேலை வெறுமனே வைத்துப் பார்ப்பது. நாலு ஃப்ளேரையும் அந்தந்த இடத்தில் பிடித்து இடைவெளி பார்த்தார்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள் என்பதால், வண்டி நிறத்தில் வேண்டும் என்பவர்களும் பொருத்திப் பார்த்த பிறகுதான் பெயிண்ட்டுக்கு அனுப்புகிறார்கள். இவர் கறுப்பாகவே விடச் சொல்லிவிட்டார். அடுத்தது கழுவல். சக்கரக் குழியில் ஒட்டியிருந்த சேற்றைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஃப்ளேர் உட்காரும் ஓரத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி துடைத்து... பார்ப்பவருக்குப் பொறுமை போய்விடும். ஆனால் பிளாஸ்டிக்குக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் மாட்டும் ஒரு மணல் போதும், ஓடும் அதிர்வில் அதுவே உப்புத்தாளாகிவிடும்.

அதற்காகவே ரப்பர் பீடிங். ஃப்ளேரின் விளிம்பு நெடுக ஒட்ட வேண்டிய மெல்லிய பட்டை. ஒரு பக்கம் பசை. சின்ன வேலை என்று நினைத்து உரிமையாளர் கையில் எடுத்தார். அவர் இழுத்து இழுத்து ஒட்டியதைப் பார்த்த டிங்கர் ஒன்றும் சொல்லாமல் உரித்தெடுத்தார். இழுத்து ஒட்டிய ரப்பர் வெயிலில் சுருங்கும். முனையில் வண்டி பல் இளிக்கும். "அப்பா, குடுங்க" என்று மகள் வாங்கினாள். கட்டை விரலால் ஒரு விரற்கடை ஒட்டுவது, அழுத்துவது, அடுத்த விரற்கடைக்கு நகர்வது. வளைவு வரும் இடத்தில் இழுக்காமல் தளர விட்டாள். மற்ற மூன்றுக்கும் பீடிங் அவள் பொறுப்பு என்று பேச்சில்லாமலே முடிவானது.

ஸ்குரூ போடும்போது பவர் டிரைவர் பெட்டியிலேயே கிடந்தது. டிங்கர் முதலில் எல்லா ஸ்குரூவையும் விரலாலேயே பாதிவரை ஏற்றினார். பிறகு எட்ட நின்று பார்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிச் சரிசெய்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி முடுக்கிக்கொண்டே போனார். ஒரு முனையை முதலில் இறுக்கிவிட்டால் மறுமுனை தகட்டிலிருந்து எழும்பிவிடும். கடைசித் திருகும் கைக்கணக்குதான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை மெஷின் வைத்து இறுக்கினால் காது விண்டுவிடும். அந்தப் பிளாஸ்டிக் வெயிலுக்கு அலுமினியத்தைப்போல மூன்று நான்கு மடங்கு விரிவதால் காதுகளின் ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கின்றன. ஃப்ளேர் அசைந்துகொடுக்க இடம் வேண்டும். டெக்சாஸ் ஆகஸ்டில் கறுப்பு பிளாஸ்டிக் படும் சூட்டை நினைத்தால் அதன் அவசியம் புரியும்.

சட்டம் பற்றிக் கேட்டோம். கலிபோர்னியாவில் மட்கார்டு டயரின் தரைபடும் அகலத்தையாவது மறைக்க வேண்டும் என்று வாகனச் சட்டமே சொல்கிறது. அங்கே ஃப்ளேர் அபராதத்திலிருந்து காப்பாற்றும். டெக்சாஸிலோ 2025 ஜனவரி முதல் தனியார் வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்க வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொல்லி, டயர் எங்காவது உரசுகிறதா என்று டிங்கர் காது வைத்துக் கேட்டார். பின்னால் டயர் முழுக்க மறைந்திருந்தது; முன்னால் இன்னும் ஒரு நூல் வெளியே. உரிமையாளருக்கு அதில் வருத்தமில்லை. சில நூறு மைல் ஓடிய பிறகு ஒவ்வொரு ஸ்குரூவையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கழுவும்போது ஃப்ளேருக்கு அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று டிங்கர் மகளிடம்தான் சொன்னார், அப்பாவிடம் அல்ல.

அவருக்கு மதியம் இன்னொரு வீடு இருந்தது. அங்கே மாட்டும் வேலை இல்லை, கழற்றும் வேலை. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஒஹாயோவிலிருந்து வந்த பழைய ஸ்டீல் பாடி பிக்கப். யாரோ தகட்டிலேயே துளையிட்டு ஃப்ளேர் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே சேறும் உப்பும் எத்தனை குளிர்காலமாகத் தேங்கியிருக்கிறதோ, திறந்து பார்க்காமல் கூலி சொல்ல முடியாது என்று அந்த உரிமையாளரிடம் போனிலேயே சொல்லிவிட்டாராம்.